பாதிப்பும் பூச்சும்: காயல் கரையிலிருந்து

'பாதிப்பு' என்ற சொல்லை நாம் ரொம்பவும் மலிவாக்கிவிட்டோம். கவிதையில் இந்தக் காரியம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. எலியட்டின் பெயரை இரண்டு முறை உச்சரித்தவன் எலியட்டால் பாதிக்கப்பட்டவன். தலைப்பில் ஒரு சித்தர் பெயர் இருந்தால் சித்தர் மரபின் வாரிசு. இப்போது சங்கீதத்தின் முறை. ஹார்மோனியம் இழைய வேண்டும், கைதட்டல் தாளமாக வேண்டும், குரல் மேல் ஸ்தாயியில் ஒரு கூவல் கூவி இறங்க வேண்டும். இவ்வளவு இருந்தால் அது ஸூஃபி இசையின் பாதிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இதில் சந்தேகமே இல்லை. இசைத் தட்டு விற்கிறவர்களுக்கும் இல்லை. சந்தேகம் எனக்குத்தான்.

நான் தூத்துக்குடிக்காரன். என் வீட்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் காயல்பட்டினம். வடக்கே கடற்கரையைப் பிடித்துக்கொண்டே போனால் வேம்பார் தாண்டி ஏர்வாடி, கீழக்கரை. இந்த முத்துக்குளித்துறைக் கரையில் ஸூஃபி என்றால் என்ன என்று கேட்டுப் பார்த்துவிட்டு, பிறகு நவீன இசைக் கலைஞர்கள் எதனால் பாதிக்கப்பட்டார்கள் என்று பேசுவதுதான் நேர்மையான காரியம் என்று நினைக்கிறேன். கேள்வி வட்டார அபிமானம் சம்பந்தப்பட்டது அல்ல. ஒரு கலை இன்னொன்றைத் தொடும்போது எதைத் தொடுகிறது என்பதுதான் கேள்வி.

1

முதலில் கரை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயலைப் பற்றி எழுதியபோது அது அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கும் துறை. இன்று பழையகாயல் என்ற பெயரில் கடலை விட்டு விலகி நிற்கிற ஊர் அதன் மிச்சம். பாண்டியர்களுக்குக் குதிரை வந்தது, அரபிகளுக்கு முத்து போயிற்று. குதிரையோடும் முத்தோடும் கூடவே ஆட்கள் வந்தார்கள். ஆட்களோடு யாப்பு வந்தது. இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. பைத்து, முனாஜாத்து, கிஸ்ஸா, மசலா, நாமா என்று அரபியும் பாரசீகமும் கொடுத்த வடிவங்கள் தமிழில் தனி இலக்கிய வகைகளாக நிலைத்திருக்கின்றன. 1572இல் மதுரையில் அரங்கேறியதாகச் சொல்லப்படும் 'ஆயிர மசலா' இவற்றில் பழையது.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1535க்கும் 1537க்கும் இடையில் பரதவர்கள் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் சவேரியார் வந்தார். முத்துக்குளிப்பின் மேல் மரக்காயர்களுக்கு இருந்த பிடி தளர்ந்தது. ஆனால் அடுத்த நூற்றாண்டிலேயே இந்தக் கரையின் இஸ்லாமியக் கல்வியும் ஞானப் பாடலும் உச்சத்துக்குப் போயின. காயலில் பிறந்து கீழக்கரையில் அடங்கிய சதக்கத்துல்லா அப்பா (1632-1703), அவருடைய ஆதரவில் எழுந்த உமறுப்புலவரின் சீறா, பிறகு 19ஆம் நூற்றாண்டில் காயலில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) என்று ஒரு தொடர்ச்சி இருக்கிறது. வியாபாரம் சுருங்கின காலத்தில் இது எப்படி நிகழ்ந்தது என்பதைச் சரித்திரக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது இந்த ஆலிம்களும் புலவர்களும் விட்டுப்போன ஒலி.

அந்த ஒலி எது? கவ்வாலி அல்ல. கவ்வாலி சிஷ்தி மரபைச் சேர்ந்தது. டில்லி, அஜ்மீர், பஞ்சாப் என்று அதன் பூமி வேறு. காயலிலும் கீழக்கரையிலும் வேர் பிடித்தவை பெரும்பாலும் காதிரிய்யா, ஷாதுலிய்யா தரீக்காக்கள். இவற்றின் சங்கீதம் ராத்திபு, மௌலூது, புர்தா, பைத்து. ஹத்தாது ராத்திபை எடுத்துக்கொள்வோம். ஹளரமௌத்தின் தரீம் நகரத்து அப்துல்லா அல் ஹத்தாது (1634-1720) தொகுத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜாவா வரை இந்துமகா சமுத்திரத்தின் விளிம்பு நெடுக ஓதப்படுவது. ஒருவர் முன்னோதுகிறார், வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் பின்தொடர்கிறார்கள். ஒவ்வொரு வாசகமும் பெரும்பாலும் மும்மூன்று முறை. கடைசியில் கலிமாவின் முதல் பகுதி பல பத்து முறை. வேகம் ஏறுகிறது. சொல் தேய்கிறது. ஒரு கட்டத்தில் சொல்லின் உயிரெழுத்துக்கள் மட்டும் மிஞ்சி, அதுவும் மூச்சாக மாறிவிடுகிறது. வாத்தியம் கிடையாது. ராகத்தை விஸ்தரிக்கிற வேலை கிடையாது. முக்கியமாக, கேட்பவன் என்று ஒருவன் கிடையாது. உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஓதுகிறவர்கள்.

இந்த இசையில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, திரும்பச் சொல்லுதல் இங்கே அலங்காரம் அல்ல, கட்டடம். அதை எடுத்துவிட்டால் எதுவும் நிற்காது. இரண்டு, நடத்திச் செல்வது ஸ்வரம் அல்ல, சொல்லின் மாத்திரையும் மூச்சின் அளவும். ஸ்வரம் இருக்கிறது. அது அந்நியமாகவும் இல்லை. கர்நாடக சங்கீதம் பயிலும் குழந்தையின் முதல் பாடம் மாயாமாளவகௌளை. அதன் கீழ்ப்பாதியில் வரும் ஷட்ஜம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம் என்ற கட்டும் அரபிகள் ஹிஜாஸ் என்று சொல்லும் கட்டும் ஏறத்தாழ ஒன்றே. தமிழ்க் காதுக்கு அரபு ஓதல் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஸ்வரம் இங்கே வேலைக்காரன், எஜமான் அல்ல.

இன்னொரு பக்கம் பக்கீர்சாக்கள். தாயிராவையோ தப்ஸையோ தோளோடு அணைத்துக்கொண்டு கந்தூரிகளிலும், நோன்பு மாதத்துப் பின்னிரவில் ஸஹருக்கு ஆளெழுப்பியும் தெருத்தெருவாகப் பாடுகிறவர்கள். இவர்களுக்குக் கேட்பவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் கதவுக்குப் பின்னால் அரைத் தூக்கத்தில் இருப்பவர்கள். மூன்றாவது, பெண்கள். காயலில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் போய்வர என்று குறுகின முடுக்குகள் உண்டு. அவர்களுக்கென்று தைக்காக்களும் உண்டு. அங்கே ஓதப்படும் பைத்தும் பாடப்படும் தாலாட்டும் தெருவுக்குக் கேட்காது. கீழக்கரை சையிது ஆசியா உம்மா போன்ற ஒரு ஞானக்கவி இந்தச் சுவர்களுக்குள்ளிருந்துதான் வந்தார். ஆக, இந்தக் கரையின் ஸூஃபி இசை மூன்று வகையிலும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருப்பது. நவீன இசைக் கலைஞனுக்கு இது பெரிய சங்கடம். மேடையைப் பார்த்து நிற்கிற ஒன்றை எடுத்துக்கொள்வது சுலபம்.

2

பாதிப்பு என்றால் என்ன என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். காயல்பட்டினத்திலேயே உதாரணம் இருக்கிறது. காசிம் புலவர் நபிகள் நாயகத்தின் மேல் திருப்புகழ் பாடினார். அருணகிரிநாதரின் சந்தத்தில் பாடினார். காயலிலிருந்து திருச்செந்தூர் 8 கிலோமீட்டர் போல இருக்கும். அந்தக் கோயிலில் ஒலித்த சந்தம் இந்த ஊர்க் காதுகளுக்கு எட்டியிருப்பது இயற்கை. காசிம் புலவர் அங்கே என்ன எடுத்துக்கொண்டார் என்பதைப் பாருங்கள். முருகனை எடுக்கவில்லை, எடுக்கவும் முடியாது. மயிலையும் வேலையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மக்காவையும் மதீனாவையும் செருகுகிற மேலோட்டமான காரியமும் அவருக்குப் போதவில்லை. அவர் எடுத்தது சந்தக் குழிப்பை. மூச்சை எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும், எத்தனை மெல்லெழுத்துக்குப் பிறகு ஒரு வல்லெழுத்து முட்ட வேண்டும் என்ற ஒழுங்கை. அதற்குள் அரபுச் சொற்களை, தமிழ் எழுத்தால் பிடிபடாத ஒலிகளைக் கூட, கொண்டுவந்து உட்காரவைத்தார்.

இது ஏன் அவருக்குச் சாத்தியமாயிற்று? திக்ரு செய்து பழகிய நெஞ்சுக்குச் சந்தம் என்பது என்ன என்று உடனே பிடிபட்டிருக்கும். இரண்டுமே சொல்லை அர்த்தத்தின் ஆதிக்கத்திலிருந்து கழற்றி மூச்சின் ஆதிக்கத்தில் வைப்பவை. இரண்டு மரபுகள் ஆழத்தில் எங்கே ஒத்துப்போகின்றனவோ அந்த இடத்தில் அவர் கையை வைத்தார். மேற்பரப்பில் அவை எவ்வளவு தூரம் விலகியிருந்தும் அவர் கவலைப்படவில்லை. இதைத்தான் நான் பாதிப்பு என்பேன். உருவத்தில் நிகழ்வது, ஆளை மாற்றுவது.

குணங்குடி மஸ்தானும் (1792-1838) அப்படியே. தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியில் சுல்தான் அப்துல் காதிராகப் பிறந்து சென்னை இராயபுரத்தில் அடங்கியவர். தாயுமானவரின் கண்ணியை எடுத்துக்கொண்டார். மனோன்மணி என்றும் நந்தீசர் என்றும் அகத்தீசர் என்றும் சித்தர் பரிபாஷையை எடுத்துக்கொண்டார். மதச்சார்பின்மைக்கு உதாரணம் என்று மேடைகளில் அவரைக் காட்டுகிறவர்கள் இந்தப் பெயர்களைத்தான் காட்டுவார்கள். எனக்குப் பெயர்கள் முக்கியமில்லை. கண்ணி என்ற இரண்டடி வடிவம், அதன் ஒவ்வொரு முடிவிலும் வந்து நிற்கிற விளி, அந்த விளி நூறு தடவை திரும்பும்போது நடக்கிற தேய்மானம், இதுதான் ராத்திபுக்காரர் தாயுமானவரிடம் அடையாளம் கண்டுகொண்டது. குமரி அபுபக்கர் போன்ற ஒரு வித்வான் குணங்குடியாரைக் கச்சேரி மேடையில் பாடியிருக்கிறார். பெரிய சபாக்களின் காதில் அது விழவில்லை என்பது வேறு கதை.

3

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். நாகூர் ஹனிஃபாவிலிருந்து (1925-2015) ஆரம்பிக்காமல் யாரும் பேச முடியாது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் மட்டுமல்ல, டீக்கடைகளிலும் கல்யாணப் பந்தல்களிலும் அரை நூற்றாண்டு ஆண்ட குரல். முறையான சங்கீதப் பயிற்சி இல்லாத குரல். ஒலிபெருக்கி ஒரு அவசியமாகத் தோன்றாத குரல். அந்தக் குரல்தான் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைகளிலும் பாடியது. இதை ஒரு முரண்பாடாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு இதுவே அவரைப் புரிந்துகொள்ளும் சாவி.

முனாஜாத்து என்றால் இறைவனோடு தனிமையில் ரகசியம் பேசுவது. குணங்குடியாரின் பராபரக்கண்ணி இறைவனை முன்னிலையில் வைத்துப் பேசுகிறது. ஹனிஃபாவின் மிகப் பிரபலமான பாட்டின் தலைப்பையே பாருங்கள்: 'இறைவனிடம் கையேந்துங்கள்'. இது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? இறைவனை நோக்கி அல்ல, ஜனங்களை நோக்கி. இறைவன் படர்க்கைக்குப் போய்விட்டான். முன்னிலையில் கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஹனிஃபா செய்தது இதுதான்: ரகசியத்தைப் பொதுக்கூட்டமாக்கினார். 20ஆம் நூற்றாண்டுத் தமிழ் வாழ்க்கை பொதுக்கூட்டத்தில் வாழப்பட்டது. ஆகவே அது பெரிய சாதனை, அந்தக் காலத்துக்கு உண்மையான சாதனை. கொடுத்த விலையும் சிறியதல்ல. திரும்பச் சொல்லுதல் பல்லவியாகச் சுருங்கிவிட்டது. இஸ்லாமியப் பாடல் என்பது சினிமாப் பாட்டின் சட்டகத்துக்குள், பல சமயம் இந்திப் படத்து மெட்டுக்குள்ளேயே, மூன்றரை நிமிஷத்தில் முடிந்துபோகிற விஷயமாகிவிட்டது. காயல் ஷேக் முகமது இந்த ஊர்க்காரர். ஊர்ப் பெயரையே தாங்கியவர். குரலில் ஹனிஃபாவை விட மென்மை உண்டு. ஆனால் அவர் பாட்டும் அதே சட்டகத்துக்குள் இருப்பதுதான். காயலின் பெயர் தட்டில் வந்தது, காயலின் ஒலி வரவில்லை.

சினிமா இந்தக் குரலை எப்படிப் பயன்படுத்தியது? 1961இல் 'பாவமன்னிப்பு' படத்தில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி, சௌந்தரராஜனோடு ஹனிஃபாவைப் பாடவைத்தார்கள். அங்கே அவர் முஸ்லிம் சூழ்நிலைக்கு ஒரு முத்திரை. 1992இல் 'செம்பருத்தி'யில் இளையராஜா அவரைக் கடல் பாட்டுக்குக் கூப்பிட்டார். இது கொஞ்சம் வித்தியாசம். அங்கே ஹனிஃபாவின் குரலில் மத அடையாளம் இல்லை. வெட்டவெளியில் நின்று கூப்பிடுகிற பெரிய தொண்டை மட்டும் இருக்கிறது. ஒரு குரலிலிருந்து அதன் சந்தர்ப்பத்தை உரித்துவிட்டு அதன் குணத்தை மட்டும் எடுத்துக்கொண்ட காது இளையராஜாவுடையது. ஆனால் அது ஒரு பாட்டோடு நின்றுவிட்டது.

4

இனி ரஹ்மான். ஸூஃபி இசை, நவீன இசைக் கலைஞன் என்ற இரண்டு சொற்களை யார் சேர்த்துச் சொன்னாலும் மனசில் எழுகிற பெயர். அவரை மட்டம் தட்டுகிற உத்தேசம் எனக்கு இல்லை. ஸூஃபி வழியில் அவருக்கு உள்ள ஈடுபாடு வியாபார உத்தி என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒருவனுடைய நம்பிக்கையை எடைபோடுவது விமர்சகன் வேலை அல்ல. ஒலியை எடைபோடலாம்.

'ஃபிஸா' (2000) படத்து ஹாஜி அலி பாட்டு, 'ஜோதா அக்பர்' (2008) படத்து க்வாஜா பாட்டு, 'ராக்ஸ்டார்' (2011) படத்து 'குன் ஃபாயா குன்' என்று மூன்றையும் வரிசையாக வைத்துக் கேட்டால் ஒரு வளர்ச்சி தெரிகிறது. க்வாஜா பாட்டில் அஜ்மீர் ஞானியின் பெயர் இருக்கிறது. படத்தில் அதற்குச் சுழன்றாடுகிறவர்கள் துருக்கியின் கோன்யா பாணியில் உயர்ந்த தொப்பி போட்டிருக்கிறார்கள். ஒலி சென்னையில் செதுக்கியது. ஸூஃபி என்ற பொதுப் பெயரின் கீழ் எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. ஆனால் 'குன் ஃபாயா குன்' வேறு. டில்லி நிஜாமுத்தீன் தர்காவின் வெளியில் வைக்கப்பட்ட அந்தப் பாட்டில் திரும்பச் சொல்லுதல் நிஜமாகவே வேலை செய்கிறது. தனிக்குரல்கள் கூட்டத்திலிருந்து எழுந்து கூட்டத்துக்குள்ளேயே திரும்பிப் போகின்றன. பாடகன் மறைந்து போவதற்கு இடம் விட்டிருக்கிறார். மூலத்தின் உருவத்தைப் புரிந்துகொண்டவன் செய்த காரியம் அது. கவ்வாலியால் ரஹ்மான் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று இந்தப் பாட்டை வைத்து நான் தயங்காமல் சொல்வேன்.

ஆகவேதான் என் கேள்வி கூர்மையாகிறது. இந்தியில் இதைச் செய்ய முடிந்த கலைஞன் தமிழில் ஏன் செய்யவில்லை? 2013இல் மணிரத்னத்தின் 'கடல்' வந்தது. மணப்பாட்டில் எடுத்த படம். காயல்பட்டினத்துக்கும் மணப்பாட்டுக்கும் இடையில் 30 கிலோமீட்டர் கூட இராது. கதை கத்தோலிக்க மீனவர்களைப் பற்றியது. ஆகவே ராத்திபை எதிர்பார்க்க நியாயமில்லை. ஆனால் அந்தக் கத்தோலிக்கத்தின் ஒலி எங்கே? தவக்காலத்து ஒப்பாரியும் வியாகுலப் பிரசங்கத்தின் நீண்ட இழுவையும் இந்தக் கரையில் இருக்கின்றன. படத்தில் நாம் கேட்பது கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயச் சங்கீதத்தின் சாயல். அழகான பாட்டுக்கள், அதை மறுக்கவில்லை. காமிரா இந்தக் கரையின் மணலையும் வலையையும் விடாமல் பிடித்திருக்கிறது, மைக் அட்லாண்டிக் சமுத்திரத்தின் அக்கரையில் இருக்கிறது. இதே விதிதான் ஸூஃபி விஷயத்திலும். தமிழ் இசைக் கலைஞனுக்குப் பக்தி என்றால் தூரத்திலிருந்து வர வேண்டும். முஸ்லிம் பக்திக்கு அஜ்மீர், கிறிஸ்தவ பக்திக்கு அமெரிக்கா. பக்கத்து ஊர் பக்கத்து ஊராகவே இருந்துவிடுகிறது.

5

கலைஞன் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பக்கத்து ஊரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று சட்டமா என்று ஒரு நண்பர் கேட்டார். சட்டமில்லை. காசிம் புலவர் 8 கிலோமீட்டரில் எடுத்தார் என்பதால் அவர் உசத்தி என்று நான் சொல்லவில்லை. தூரம் அல்ல பிரச்னை. தூரத்திலிருந்து வருவது ஏற்கனவே யாரோ மேடைக்கு என்று தயாரித்துக் கொடுத்ததாக இருக்கிறது என்பதுதான் பிரச்னை. கவ்வாலி உலகத்துக்கு வந்த வழியைப் பாருங்கள். நுஸ்ரத் ஃபதே அலி கான் 1985இல் இங்கிலாந்தில் பீட்டர் கேப்ரியலின் வோமாட் விழாவில் பாடினார். 1990இல் 'மஸ்த் மஸ்த்' தட்டு வந்தது. 1997இல், அவர் இறந்த வருஷத்தில், ரஹ்மானின் 'வந்தே மாதரம்' தட்டில் அவர் குரல் வந்தது. நுஸ்ரத் மகா கலைஞர். ஆனால் நம்மை வந்தடைந்தது ஃபைஸலாபாத் கவ்வாலியா, லண்டன் வழியாகச் சுருக்கி அனுப்பப்பட்ட கவ்வாலியா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இப்படி வருவதில் உருவம் முதலில் உதிர்ந்துவிடும், நிறம் மட்டும் வந்து சேரும். நிறத்தை வைத்துக்கொண்டு பூசத்தான் முடியும்.

இதற்கு எதிர்ச் சாட்சியும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு, அலை அடித்த கரைகளின் பாடகர்களைத் தேடி ஒலிப்பதிவு செய்த 'லயா பிராஜெக்ட்' நாகூர் தர்காப் பாடகர்களிடம் போயிற்று. பிறகு 'நாகூர் செஷன்ஸ்' என்று தனித் தட்டும் வந்தது. சென்னையில் இருந்துகொண்டு தமிழ்க் கரையின் தர்காக் குரல்களைத் தேடிப் போனது நல்ல காரியம். ஆனால் அந்தத் தட்டிலும் கிதாரும் மெத்தென்ற ஒலிப்பின்னணியும் வந்து குரல்களுக்குக் கீழே படுத்துக்கொள்கின்றன. கேட்பவன் அசௌகரியப்படக் கூடாது என்ற கவலை. தாயிராவின் தோல் காய்ந்த சத்தம், வரிசையாக உட்கார்ந்து ஓதுவதன் சலிப்பு, அந்தச் சலிப்பைத் தாண்டினால்தான் கிடைக்கிற ஒரு நிலை, இதற்கெல்லாம் தட்டில் இடமில்லை. சலிப்பு இல்லாமல் திக்ரு இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை; அதன் இயங்குமுறை அது.

6

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்ல வேண்டும்? எடுத்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகிறது என்று விட்டுவிட முடியாது. அது இருக்கப் போவதில்லை.

எண்பதுகளிலிருந்து தமிழ் முஸ்லிம்களிடையே வலுத்துவந்த தூய்மைவாதம் தர்காவையும் கந்தூரியையும் மௌலூதையும் மார்க்கத்தில் இல்லாத புதுமை என்று தள்ளுகிறது. மார்க்கத் தர்க்கத்துக்குள் நான் போக மாட்டேன்; அது என் இடமல்ல. ஆனால் விளைவு ஒலி சம்பந்தப்பட்டது. ஒரு வீட்டில் மௌலூது நின்றால் அந்த வீட்டின் குழந்தைக்கு அந்தச் சந்தம் தெரியாது. ஸஹருக்கு எழுப்பக் கைக்கடிகாரமும் தொலைபேசியும் வந்தபின் பக்கீர்சா தேவையில்லை. ஒரு பக்கம் இது புதுமை, ஆகவே கூடாது என்கிறார்கள். இன்னொரு பக்கம் இசைக் கலைஞர்கள் இது பழசு, இதில் கிளர்ச்சி இல்லை என்று அஜ்மீருக்கு ரயில் ஏறுகிறார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. காரியம் ஒன்றாகத்தான் முடிகிறது.

பாரசீக வளைகுடாவின் அக்கரையில், பஹ்ரைனில், முத்துக்குளித்தவர்களுக்கு ஃபிஜிரி என்ற பாட்டு உண்டு. நஹ்ஹாம் என்ற தலைமைப் பாடகன் பாட, மற்றவர்கள் அடித்தொண்டையில் ஒரே ஆழ்ந்த ஸ்வரத்தைப் பிடித்து நிற்பார்கள். கைதட்டலும் மண்பானைத் தாளமும் உண்டு. ஜப்பானிய வளர்ப்பு முத்து வந்து அங்கே முத்துக்குளிப்பு படுத்துவிட்டது. ஆனால் பாட்டுக்கென்று இருந்த வீடுகளும் குழுக்களும் நின்றன. 2021இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. நமது மன்னார் வளைகுடாவில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்குப் பிறகு சம்மாட்டிகளும் குளியாளிகளும் சங்குக்குப் போனார்கள், வேறு தொழிலுக்குப் போனார்கள். சுறாவைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதிய கடல்கட்டிகளின் ஓதலும் தொழிலோடு போயிற்று. இந்தக் கரை ஒரு தடவை ஒரு ஒலியுலகத்தை இழந்திருக்கிறது. இழந்தபோது யாரும் கவனிக்கவில்லை, அது சங்கீதம் என்று யாருக்கும் தோன்றாததால்.

பட்டியலில் சேர்ப்பதால் ஒரு கலை உயிர் வாழும் என்ற பிரமை எனக்கு இல்லை. ஒரு கலையை உயிரோடு வைத்திருக்கிற வழி, அதனால் இன்னொரு கலைஞன் நிஜமாகவே பாதிக்கப்படுவதுதான். திருப்புகழ்ச் சந்தம் காயலில் இரண்டாவது முறை வாழ்ந்ததைப் போல. தக்கலையில் வருஷா வருஷம் ரஜப் மாதத்து இரவில் பீர் முகமது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை விடிய விடிய உட்கார்ந்து பாடுகிறார்கள். முழு நூலும், கூட்டமாக, தமிழில். ராகம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள். நவீன இசைக் கலைஞன் ஒருவன் அங்கே போய் ஒலிப்பதிவுக் கருவி இல்லாமல் ஒரு ராத்திரி வரிசையில் உட்கார்ந்து தானும் பாடினால், மறுநாள் அவன் போடும் மெட்டில் ஹார்மோனியமும் இராது, கைதட்டலும் இராது. ஒருவேளை அதில் ஸூஃபி என்று அடையாளம் காட்ட எதுவுமே இராது. எத்தனையாவது தடவையில் ஒரு சொல் தன் அர்த்தத்தை விடுகிறது, அதற்குப் பிறகும் ஏன் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கும். கவிதை எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. சந்தத்தைக் கைகழுவிவிட்டு மூச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். காசிம் புலவரின் திருப்புகழை நம்மில் எத்தனை பேர் வாய்விட்டுப் படித்திருக்கிறோம்?